ஹைஸ்கூல் வாசலில் யாரை நிறுத்துகிறார்கள்?

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவு வெளியாகும் மே மாதத்தில் ஆரணியிலும் சுற்றுக் கிராமங்களிலும் எல்லா வீட்டுத் திண்ணையிலும் ஒரே பேச்சுத்தான். "உன் பையன் எத்தனை மார்க்கு? எந்தப் பள்ளியில் இடம் கிடைத்தது? எந்த குரூப்?" சேவூரிலும் முள்ளிப்பட்டிலும் தறிக் குழியில் கால் வைத்திருக்கிறவரும் இதைத்தான் கேட்கிறார்; அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவரும் இதைத்தான் கேட்கிறார்; நாற்று நடப் போகிற அம்மாவும் இதைத்தான் கேட்கிறார்.

நெசவுத் தொழிலாளி ஒருவர் தம் கதையை நம்மிடம் சொன்னார். மகன் ஐந்நூற்றுக்கு முந்நூற்றுச் சொச்சம் மார்க் வாங்கித் தேறியிருக்கிறான். விஞ்ஞானப் பாடம் எடுத்துப் படிக்க ஆசை. முதலில் ஒரு தனியார் பள்ளிக்குப் போனார். "நானூறுக்கு மேல் இருந்தால்தான் விண்ணப்பத் தாளே கொடுப்போம்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். பிறகு ஒரு சர்க்கார் பள்ளிக்குப் போனார். "விஞ்ஞானப் பிரிவில் இருக்கிற இடம் நிரம்பிவிட்டது. வேறு பிரிவு வேண்டுமானால் சேருங்கள்" என்று அங்கே சொன்னார்கள்.

அவர் அடுத்துச் சொன்னதைத்தான் நாம் எல்லோரும் யோசிக்க வேண்டும். "கோர்வைப் புடவைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா தள்ள ஓர் ஆள் வேண்டும். வெளியாளை வைத்தால் அவருக்குக் கூலி கொடுத்தது போக எனக்கு மிஞ்சாது. பையன் உட்கார்ந்தால் அந்தக் கூலி வீட்டிலேயே நிற்கும். இதுவரைக்கும் அவனை உட்கார வைக்காமல் வைராக்கியமாக இருந்தேன். இப்போது பள்ளிக்கூடத்துக்காரர்களே போ என்கிறார்கள். நான் என்ன செய்ய?"

பள்ளிக்கூடம் "இடம் இல்லை" என்று சொன்னால் பணக்கார வீட்டுப் பையன் அடுத்த பள்ளிக்குப் போவான். நெசவாளி வீட்டுப் பையன் தறிக்குப் போவான். விவசாயக் கூலி வீட்டுப் பையன் செங்கல் சூளைக்கோ கட்டட வேலைக்கோ போவான். பெண் குழந்தையாக இருந்தால் தார் சுற்ற உட்காருவாள், அல்லது அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குவார்கள். சொல் ஒன்றுதான். ஆனால் ஒரு வர்க்கத்துக்கு அது அசௌகரியம். இன்னொரு வர்க்கத்துக்கு அதுவே தலைவிதி!

ஆகவே, ஹைஸ்கூலில் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று தீர்மானிப்பது யார்? எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள்? இது நம்முடைய பிரச்னை.

சட்டம் என்ன சொல்கிறது?

இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ஆம் வருஷம் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அது பொருந்தும். சேர்க்கைக்காகப் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ பரீட்சை வைக்கக் கூடாது, நேர்காணல் நடத்தக் கூடாது என்று அச்சட்டத்தின் 13-ஆவது பிரிவு தடை செய்கிறது. மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம். அடுத்த ஒவ்வொரு தடவைக்கும் 50,000 ரூபாய் வரை. நன்கொடை வாங்கினால், வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தச் சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பின் வாசலிலும் பதினோராம் வகுப்பின் வாசலிலும் அதற்கு வேலை இல்லை. சலித்து எடுப்பது மும்முரமாக நடப்பதோ அங்கேதான்! மழை பெய்கிற மாதத்தில் குடையைப் பிடுங்கிக்கொண்டு, வெயில் காலத்தில் கொடுப்பது போன்றது இது.

இதே சட்டத்தின்படி தனியார் பள்ளிகள் நூற்றுக்கு இருபத்தைந்து இடங்களை நலிந்த பிரிவினருக்கும் ஒடுக்கப்பட்ட பிரிவினருக்கும் ஒதுக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்கான சம்பளத்தை சர்க்கார் கொடுக்கும். ஆனால் இது எல்.கே.ஜி. அல்லது ஒன்றாம் வகுப்பு என்ற நுழைவு வகுப்புக்கு மட்டுமே. விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்! ஆறாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ சேர வருகிற பிள்ளைக்கு இந்த ஒதுக்கீடு இல்லை. அப்படி நுழைந்த பிள்ளைக்கும் எட்டாம் வகுப்பு முடிந்ததும் இலவசம் முடிந்துவிடுகிறது. "இனி முழுச் சம்பளம் கட்டு" என்பார்கள். மத்திய சர்க்கார் கல்வி நிதியை நிறுத்தி வைத்த தகராறில், 2025-26 கல்வியாண்டுக்கான இந்தச் சேர்க்கை பள்ளிகள் திறந்து பல மாதம் கழித்து, அக்டோபரில்தான் தொடங்கியது. பெரியவர்கள் சண்டையில் பந்தியிலிருந்து எழுப்பப்பட்டது ஏழைப் பிள்ளைகள்தான்.

மூன்று சல்லடைகள்

நம் பிள்ளைகள் மூன்று சல்லடைகளைத் தாண்ட வேண்டியிருக்கிறது.

முதல் சல்லடை ஆறாம் வகுப்பில். பரீட்சை வைக்கச் சட்டம் இடம் கொடுக்காவிட்டாலும், "சும்மா பிள்ளையின் நிலையைத் தெரிந்துகொள்கிறோம்" என்ற பெயரில் பரீட்சை நடத்துகிற இடங்கள் உண்டு. பெற்றோரின் படிப்பையும் தொழிலையும் கேட்டு எழுதிக்கொள்கிற விண்ணப்பத் தாள்கள் உண்டு. "தந்தை தொழில்: நெசவு" என்று எழுதும்போதே பலருக்குக் கை தயங்குகிறது.

இரண்டாவது சல்லடை ஒன்பதாம் வகுப்பில். இது உள்ளே வராமல் தடுப்பதல்ல, உள்ளே இருப்பவனை வெளியே தள்ளுவது. பத்தாம் வகுப்பில் "நூற்றுக்கு நூறு தேர்ச்சி" என்று பேனர் கட்ட வேண்டுமல்லவா? ஆகவே பலவீனமான பிள்ளையின் தகப்பனாரைக் கூப்பிட்டு, "இங்கே இருந்தால் பெயில் ஆகிவிடுவான். மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வேறு பள்ளியில் சேர்த்துவிடுங்கள்" என்று அன்பாக ஆலோசனை சொல்வார்கள். அந்தப் பிள்ளையை ஏற்றுக்கொள்வது எது? சர்க்கார் பள்ளி! பிறகு இந்தக் கனவான்களே, "பாருங்கள், சர்க்கார் பள்ளியில் தேர்ச்சி குறைவு" என்று பேசுவார்கள்.

மூன்றாவது சல்லடை பதினோராம் வகுப்பில். தமிழ்நாட்டில் 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தது முதல், எந்த குரூப் கிடைக்கிறது என்பதே பிள்ளையின் பிற்காலத்தைத் தீர்மானிக்கிறது. விஞ்ஞானப் பிரிவு கிடைக்காதவனுக்கு மருத்துவப் படிப்பின் கதவு பதினைந்து, பதினாறு வயதிலேயே மூடிவிடுகிறது.

தகுதி என்றால் என்ன?

"தகுதி உள்ளவனுக்கு இடம் கொடுக்கிறோம். இதில் என்ன அநியாயம்?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். பதில் சொல்வோம்.

ஒரு பையன் காலையில் டியூஷன், மாலையில் டியூஷன், வீட்டில் தனி அறை, படித்த தாய் தகப்பன் என்ற வசதிகளோடு நானூற்றைம்பது வாங்குகிறான். இன்னொரு பையன் விடியற்காலையில் பாவு போடத் தெருவில் நின்று, பள்ளிக்குப் போய்வந்து, இரவில் தறி ஓடுகிற அதே ஒற்றை அறையில் புத்தகம் பிரித்து முந்நூற்றைம்பது வாங்குகிறான். இந்த இருவரில் யாருக்குத் திறமை அதிகம்? மார்க் இதைச் சொல்லுமா? பையன் ஓடிய தூரத்தைத்தான் மார்க் சொல்கிறது. அவன் முதுகில் இருந்த பாரத்தைச் சொல்வதில்லை.

அரிசி ஆலையில் வேலை செய்கிற தோழர்களுக்கு இது எளிதில் விளங்கும். நல்ல நெல்லை மட்டும் பொறுக்கி வாங்கி அரைக்கிற ஆலைக்காரர், "என் மிஷின்தான் அரிசியை வெள்ளையாக்கியது" என்று பெருமை பேசினால் சிரிக்க மாட்டீர்களா? விவசாயத் தொழிலாளருக்கும் விளங்கும். ஆற்றுப் பாசன வண்டல் நிலத்தில் விளைவித்தவர், கரம்பை உழுது பயிர் வைத்தவரைப் பார்த்து, "உனக்கு விவசாயம் தெரியாது" என்று சொல்லலாமா? மார்க் வாங்கும் பிள்ளைகளைப் பொறுக்கிச் சேர்த்துவிட்டு, அவர்கள் மார்க் வாங்கியதற்குப் பள்ளிக்கூடம் மாலை போட்டுக்கொள்வதும் இதே வேடிக்கைதான். பலவீனமானவனைச் சேர்த்துத் தேற வைக்கிற பள்ளியல்லவா நல்ல பள்ளி?

சர்க்கார் பள்ளிகளில் பதினோராம் வகுப்புச் சேர்க்கைக்கு இட ஒதுக்கீடு இருக்கிறது. பிற்பட்டோர் 30, மிகவும் பிற்பட்டோர் 20, தாழ்த்தப்பட்டோர் 18, பழங்குடியினர் 1 என்று மொத்தம் 69 சதவீதம். இது பாடுபட்டுப் பெற்ற பாதுகாப்பு. அதை யார் தொட்டாலும் எதிர்க்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் மறுபடி மார்க்கைத்தானே வரிசைப்படுத்துகிறார்கள்? அந்த வரிசையிலும் டியூஷனுக்குப் போக வழியில்லாதவன்தான் கடைசியில் நிற்கிறான். ஆகவே ஒதுக்கீடு அவசியம். ஆனால் இடங்கள் பெருகாமல் அது மட்டும் போதாது.

பழைய கதை, புதிய வேஷம்

ஏழைப் பிள்ளையை வாசலில் நிறுத்தும் முயற்சி நம் நாட்டில் புதிதல்ல. 1951-இல் சென்னை ராஜ்யத்தின் வகுப்புவாரி உத்தரவைச் செண்பகம் துரைராஜன் வழக்கில் சுப்ரீம் கோர்ட் செல்லாது என்றது. ஜனங்கள் கிளர்ந்தார்கள். அதே வருஷம் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. 1953-இல் ராஜாஜி ஒரு திட்டம் கொண்டுவந்தார்: பிள்ளைகளுக்கு நாளுக்கு மூன்று மணி நேரம் பள்ளி, மீதி நேரம் தகப்பன் தொழில். நெசவாளி மகன் தறியில், குயவர் மகன் சக்கரத்தில்! ராஜ்யத்தில் எழுந்த எதிர்ப்பில் 1954-இல் அத்திட்டம் ஒழிந்தது. காமராஜ் சர்க்கார் அதைக் கைவிட்டது. 1956-இல் மதிய உணவு வந்தது. சாப்பாடு போட்டதும் பிள்ளைகள் வந்தார்களா, இல்லையா? "கூலிக்காரன் மகனுக்குப் படிப்பில் ஆசை இல்லை" என்று சொன்னவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

ஆனால் பழைய கதை புதிய வேஷத்தில் வருகிறது. 2003-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற சர்வதேச அமைப்பு, இந்தியப் பட்டுத் தொழிலில் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்த சிறுவர்களைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. காஞ்சிபுரத்துத் தறிகளும் அதில் இடம் பெற்றன. பல தரப்பு முயற்சியால் நிலைமை எவ்வளவோ மாறியது உண்மை. ஆனால் 2016-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று ஒரு வழி வைத்தார்கள். முதலாளியின் பாவு வீட்டுக்குள் வந்து தறியில் ஏறினால் அதுவும் "குடும்பத் தொழில்" ஆகிவிடுகிறதே! இரவெல்லாம் தறியில் உதவுகிறவனை மறுநாள் மார்க் போட்டு அளந்து, "உனக்குத் தகுதி போதாது" என்று திருப்பி அனுப்புவது எந்த ஊர் நியாயம்?

வெளிநாட்டு அனுபவம்

இங்கிலாந்தில் 1944 கல்விச் சட்டத்துக்குப் பிறகு பதினோரு வயதில் பரீட்சை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்தார்கள். சுமார் நாலில் ஒரு பங்கினர் "கிராமர் ஸ்கூல்" போனார்கள். மற்றவர்கள் தாழ்ந்த பள்ளிக்கு. சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் எந்தப் பக்கம் போயிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. 1965-இல் அந்நாட்டு சர்க்காரே, எல்லோருக்கும் பொதுவான பள்ளிக்கு மாறும்படி சுற்றறிக்கை அனுப்பியது. பின்லாந்தில் நாலாம் வகுப்போடு பிள்ளைகளைப் பிரித்து வந்தார்கள். 1970-களில் அதை ஒழித்துப் பதினாறு வயது வரை ஒரே பொதுப் பள்ளி என்று ஆக்கினார்கள். படிப்புத் தரம் விழுந்துவிட்டதா? 2000-க்குப் பிறகு நடந்த சர்வதேசச் சோதனைகளில் அந்தச் சிறு நாடு முன்வரிசையில் நின்றதை உலகம் பார்த்தது.

"எல்லோரையும் சேர்த்தால் தரம் கெடும்" என்ற வாதத்துக்கு இதுவே பதில். தரம் கெடுவது பிள்ளைகள் அதிகமாவதால் அல்ல. உபாத்தியாயர் குறைவதால், வகுப்பறை குறைவதால், லேபரட்டரி இல்லாமையால் தரம் கெடுகிறது. "இடம் இல்லை" என்று சொல்கிற சர்க்கார் பள்ளித் தலைமை ஆசிரியரைத் திட்டிப் பயனில்லை. அவருக்கு இன்னொரு பிரிவு தொடங்க அனுமதியும் ஆசிரியரும் கொடுக்காதவர்களைக் கேட்க வேண்டும்.

நமது கோரிக்கை

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை:

1. கல்வி உரிமைச் சட்டத்தைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீட்ட வேண்டும். 25 சதவீத இடத்தில் சேர்ந்த பிள்ளைக்கு எட்டாம் வகுப்போடு இலவசம் நிற்கக் கூடாது.

2. பத்தாம் வகுப்பு தேறிய எந்தப் பிள்ளைக்கும், விரும்பிய பிரிவில், அருகிலுள்ள சர்க்கார் பள்ளியில் இடம் தர வேண்டும். அதற்கு வேண்டிய கூடுதல் பிரிவும் ஆசிரியரும் ஆரணிக்கு மட்டுமல்ல, தாலுகா முழுவதற்கும் வேண்டும்.

3. ஒன்பதாம் வகுப்பில் தனியார் பள்ளிகள் எத்தனை பிள்ளைகளுக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்தன என்ற கணக்கை ஜில்லா கல்வி அதிகாரி வருஷந்தோறும் வெளியிட வேண்டும்.

4. பதினோராம் வகுப்பில் பிரிவுவாரியாக எத்தனை இடம், எவ்வளவு மார்க் வரை சேர்த்தார்கள் என்ற விவரத்தைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.

5. நெசவுத் தெருக்களிலும் கூலித் தொழிலாளர் குடியிருப்புகளிலும் மாலையில் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க வெளிச்சமான இடமும், சொல்லிக்கொடுக்க ஆளும் சர்க்கார் செலவில் வேண்டும்.

இவை வருகிற வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. எட்டாம் வகுப்பு வரை, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானது என்று சொல்லிச் சேர்க்கையை மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. சம்பளப் பாக்கியைச் சொல்லி மாற்றுச் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று 2024-இல் சென்னை ஹைகோர்ட்டும் சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு சர்க்கார் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது; சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அந்தக் கூட்டத்துக்கு ஒரு நாள் கூலி போனாலும் போக வேண்டும். தனியாகப் போகாதீர்கள், நாலு பேராகப் போங்கள். "இடம் இல்லை" என்றால் எழுத்தில் கேளுங்கள்.

நம்மிடம் கதை சொன்ன அந்தத் தோழரிடமும் இதையே சொன்னோம். பையனைத் தறியில் உட்கார வைக்குமுன், தெருவில் இதே நிலையில் இருக்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு இன்னொரு தடவை பள்ளிக்குப் போங்கள் என்றோம். "எங்கள் தெருவிலேயே ஆறு பேர் இருக்கிறார்கள்" என்றார். ஆறு பேர் ஒரு தெருவில் இருந்தால், ஆரணியில் எத்தனை பேர்? ஜில்லாவில் எத்தனை பேர்? அவ்வளவு பேரும் சேர்ந்து நின்றால், அந்த வாசலில் "இடம் இல்லை" என்று சொல்ல யாருக்கு நா எழும்?