முன்னிடைச் சொல்லை முறையாகக் கையாள்வோம்

வளைகுடா நாடொன்றில் வேலைக்கு விண்ணப்பம் எழுதும் இளைஞர், ஐந்து ஆண்டுகளாகத் தாம் பணியாற்றுவதைக் கூற விரும்பி, 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்று எழுதுகிறார் என வைத்துக்கொள்வோம். செய்தி விளங்கிவிடும். ஆயினும், அவருடைய தொழில் திறமையை அறியுமுன்பே அவரது ஆங்கிலம் குறையுடையது என்பதை அவ்வரி காட்டிக் கொடுத்துவிடும். 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்பதே திருத்தமான வாக்கியம். கால அளவைக் குறிக்க 'ஃபார்', தொடக்கத்தைக் குறிக்க 'சின்ஸ்' வரும். 'சின்ஸ் 2019' என்பது சரி; 'சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்பது பிழை.

இத்தகைய பிழைகள் ஏன் நேர்கின்றன? தமிழில் ஐ, ஆல், கு முதலிய வேற்றுமை உருபுகள் பெயரின் இறுதியில் ஒட்டி நிற்கின்றன. ஆங்கிலத்திலோ அப்பணியைப் பெரும்பாலும் பெயருக்கு முன் தனித்து நிற்கும் சிறு சொற்கள் செய்கின்றன. இவையே முன்னிடைச் சொற்கள். தமிழ் உருபுக்கு நேராக ஓர் ஆங்கிலச் சொல்லை வைத்தால் போதும் என்று நாம் எண்ணும் இடத்தில்தான் தவறு பிறக்கிறது.

'மருத்துவருடன் திருமணம் நடந்தது' என்பதில் உள்ள 'உடன்' நம்மை 'மேரீட் வித்' என்று எழுதத் தூண்டுகிறது. 'மேரீட் டு எ டாக்டர்' என்பதே சரி. 'பாம்புக்கு அஞ்சினான்' என்கிறோம். ஆங்கிலத்தில் 'அஃப்ரெய்ட் ஆஃப்' என்றே வரும். எந்த முன்னிடைச் சொல் வேண்டும் என்பதைப் பல இடங்களில் அதற்கு முன்னுள்ள வினையோ பெயரடையோதான் முடிவு செய்கிறது. இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதித் தடுமாற்றம் நீங்கும்.

சில வினைகளுக்கு முன்னிடைச் சொல்லே வேண்டுவதில்லை. 'டிஸ்கஸ்' என்றாலே 'பற்றிப் பேசுதல்' என்று பொருள். எனவே 'டிஸ்கஸ் அபவுட்' என்பது பிழை. 'வீ டிஸ்கஸ்ட் தி மேட்டர்' என்க. ஆனால் அதுவே பெயர்ச்சொல்லாகும்போது 'எ டிஸ்கஷன் அபவுட் தி மேட்டர்' என வரும். 'ரிக்வெஸ்ட்', 'ஆர்டர்' ஆகியவையும் இவ்வாறே: வினையாயின் 'ஃபார்' வேண்டா, பெயராயின் 'ஃபார்' வேண்டும்.

சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் ஆகியன இலத்தீனிலிருந்து வந்த ஒப்பீட்டுச் சொற்கள். இவற்றின் பின் 'விட' என்று பொருள்படும் 'தென்' வாராது, 'டு' வரும். 'ப்ரிஃபர்' என்னும் வினையும் பெயர்களை ஒப்பிடும்போது 'டு' என்பதையே ஏற்கும்.

ஒரே சொல் பொருளுக்கேற்பத் துணையை மாற்றிக்கொள்வதும் உண்டு. ஒருவர் கருத்தோடு ஒத்துப்போனால் 'அக்ரீ வித்'; ஒரு திட்டத்துக்கு இசைந்தால் 'அக்ரீ டு'. நிறுவனத்திடம் விண்ணப்பித்தால் 'அப்ளை டு'. பதவிக்கு விண்ணப்பித்தால் 'அப்ளை ஃபார்'.

இனி, பின்வரும் வாக்கியங்களைத் திருத்துங்கள். வீட்டில் பிள்ளைகளையும் உடன் அமர்த்திக்கொள்ளுங்கள்.

1. ஹீ என்டர்ட் இன்டு தி ரூம்.
2. ஷீ இஸ் குட் இன் மேத்ஸ்.
3. வீ ஆர்டர்ட் ஃபார் டூ புக்ஸ்.
4. ஐ ப்ரிஃபர் டீ தென் காஃபி.
5. ஹீ இஸ் சீனியர் தென் மீ.

புதிய வினையையோ பெயரடையையோ கற்கும்போது அதைத் தனியே எழுதாதீர்கள். அதன் முன்னிடைச் சொல்லையும் சேர்த்து, ஒரு முழு வாக்கியமாகக் குறிப்பேட்டில் எழுதுங்கள். நாள்தோறும் ஒரு வாக்கியம் எழுதினாலும் ஓராண்டில் முந்நூற்றுக்கு மேல் சேர்ந்துவிடும். தேர்வுக்கும் நேர்காணலுக்கும் அக்குறிப்பேடே உற்ற துணையாகும்.

விடைகள்: 1. 'இன்டு' வேண்டா. 2. குட் அட். 3. 'ஃபார்' வேண்டா. 4. டீ டு காஃபி. 5. சீனியர் டு மீ.