சோறு வைக்க ஆள் உண்டு, பூனைக்கு ஊசி போட யார்?

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ நான்கு நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைக்கிறது. டிக்கெட் போட்டாச்சு, பை கட்டியாச்சு. கடைசி நேரத்தில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி ஒரு கேள்வி: "அக்கா, பூனையை மட்டும் கொஞ்சம் பாத்துக்கறீங்களா?" பதிலும் உடனே வந்துவிடும். "அதுக்கென்னங் கண்ணு, நீ போயிட்டு வா. சோறு வெச்சுடறேன்." சேலம் அழகாபுரமோ, நாமக்கல் மோகனூர் ரோடோ, கொங்குப் பக்கத்தில் இப்படிப்பட்ட உதவிக்குப் பஞ்சம் இருந்ததில்லை.

நோய்நொடி இல்லாத பூனைக்கு இந்த ஏற்பாடு போதும். வேளாவேளைக்குத் தீனி, நல்ல தண்ணீர், மண் தட்டைச் சுத்தம் செய்வது, அவ்வளவுதான். தினமும் மருந்து எடுக்கும் பூனைக்கு இது போதாது. அதற்கு முதலில் வேண்டியது பாசமான ஆள் அல்ல என்று சொன்னால் கடுமையாகத் தெரியலாம். ஆனால், மாத்திரை உள்ளே போனதா, கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்து சோபாவுக்கு அடியில் துப்பிவிட்டதா என்று பார்க்கத் தெரிந்த ஆள்தான் முதல் தேவை. பாசமும் இருந்தால் கூடுதல் லாபம்.

ஊருக்குக் கிளம்பும் இளம் குடும்பங்கள் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. பூனையைப் 'பார்த்துக்கொள்வது' என்ற ஒரே சொல்லுக்குள் சோறு வைப்பதையும் சிகிச்சை செய்வதையும் ஒன்றாகப் போட்டுக் கட்டிவிடுகிறார்கள்.

எந்தப் பூனைக்கு எவ்வளவு அவசரம்?

எல்லா மருந்தும் ஒன்றல்ல. வயதான பூனைகளுக்குத் தைராய்டு சுரப்பு கூடிப்போவது சகஜம். கார்பிமசோல் போன்ற மாத்திரையால் அதைக் கட்டுக்குள் வைப்பார்கள். ஒரு வேளை தவறினால் அன்றைக்கே பெரிதாக ஒன்றும் ஆகாது. நாள் கணக்கில் தவறினால் படபடப்பும் எடை இறக்கமும் திரும்பத் தொடங்கும். வலிப்புக்கு ஃபீனோபார்பிடால் எடுக்கும் பூனையின் கதை வேறு. அந்த மருந்தைச் சட்டென்று நிறுத்தினால், நிறுத்தியதே வலிப்பை வரவழைக்கும். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் எடுக்கும் பூனைக்கு மருந்து இல்லாமல் அழுத்தம் எகிறினால் கண் பார்வையே போகலாம். எஃப்ஐபி எனப்படும் கொடிய நோய்க்கு ஜிஎஸ்-441524 மருந்து எடுக்கும் குட்டிகளுக்கு வழக்கமான சிகிச்சைக் காலம் 84 நாட்கள். அதற்குள் எப்படியும் ஒரு பண்டிகை வந்துவிடும்.

தைராய்டு விஷயத்தில் நம் வீடுகளுக்கே உரிய ஒரு குழப்பம் உண்டு. வீட்டில் அம்மாவுக்கோ அத்தைக்கோ தைராய்டு மாத்திரை இருக்கும். "இதுவும் அதே மாத்திரைதானுங்களே?" என்று உதவிக்கு வருபவர் கேட்பது நியாயமான சந்தேகம்தான். இல்லை, நேர் எதிர். மனிதர்கள் அதிகமாக எடுப்பது சுரப்பு குறைந்ததற்கான தைராக்ஸின். பூனைக்குக் கொடுப்பது சுரப்பைக் குறைக்கும் மருந்து. பூனையின் பட்டை தீர்ந்துபோனதென்று அம்மாவின் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தால், எரிகிற நெருப்பில் எண்ணெய். இன்னொன்று, கார்பிமசோலை வெறும் கையில் எடுத்து உடைத்துக் கொடுக்கும் வேலையைக் கர்ப்பிணியிடம் ஒப்படைக்கக் கூடாது. பக்கத்து வீட்டு அக்கா மாசமாக இருந்தால் வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரே ஃப்ரிட்ஜில் இரண்டு இன்சுலின்

அதிகக் கவனம் கேட்பது சர்க்கரை நோய் உள்ள பூனை. பொதுவாக நாளைக்கு இரண்டு வேளை, 12 மணி நேர இடைவெளியில் ஊசி. இங்கேதான் பெரும்பாலான குடும்பங்கள் ஒரு சமாதானம் சொல்லிக்கொள்கின்றன: "பாட்டிக்கே சுகர், அவங்களே தினமும் போட்டுக்கறாங்க. பூனைக்கும் போட்டுடுவாங்க." பாதி உண்மை. ஊசி பிடிக்கும் பழக்கம் பாட்டிக்கு இருக்கிறது, கை நடுங்காது. ஆபத்தும் அதே பழக்கத்தில்தான் இருக்கிறது.

இந்தியாவில் இன்சுலின் இரண்டு செறிவுகளில் கிடைக்கிறது. ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பி ஒன்று, 100 யூனிட் உள்ளது இன்னொன்று. இரண்டுக்கும் சிரிஞ்சு தனித்தனி. சிவப்பு மூடி போட்டது 40-க்கு, ஆரஞ்சு மூடி போட்டது 100-க்கு. பூனைகளுக்கு எழுதித்தரும் கிளார்ஜின் வகை 100 யூனிட் செறிவு. பாட்டியின் குப்பி 40 ஆக இருந்து, அவர் தன் சிவப்பு மூடி சிரிஞ்சில் பூனையின் மருந்தை 'ஒரு யூனிட்' கோடு வரை இழுத்தால், பூனைக்குள் போவது இரண்டரை யூனிட். அஞ்சு கிலோகூட இல்லாத உடம்பு. சர்க்கரை தடாலென்று இறங்கித் தள்ளாடும், துவண்டு விழும், வலிப்பு வரும். அறுபது வயதுக் கண்ணுக்கு அந்தக் கோடுகள் சரியாகத் தெரியுமா என்பதையும் யோசிக்க வேண்டும்.

ஆகவே பூனையின் இன்சுலினும் சிரிஞ்சும் தனி டப்பாவில், தனி நிற ஸ்டிக்கர் ஒட்டி, ஃப்ரிட்ஜின் வேறு தட்டில் இருக்க வேண்டும். சிரிஞ்சில் எந்தக் கோடு என்பதைப் போட்டோ எடுத்து டப்பாவிலேயே ஒட்டிவிடலாம். பார்த்துக்கொள்பவருக்கு இரண்டு விதிகள் மனப்பாடமாகத் தெரிய வேண்டும். பூனை சாப்பிடவில்லை என்றால் வழக்கம்போல் ஊசி போட்டுவிடக் கூடாது, முதலில் டாக்டருக்குப் போன். ஊசி போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தாலோ, பாதி வெளியே வழிந்துவிட்டது என்று தோன்றினாலோ, மறுபடி போடவே கூடாது. ஒரு வேளை விட்டுப்போவதை உடம்பு பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். இரண்டு முறை போனால் உயிருக்கே ஆபத்து. துவண்டு போனால் ஈறில் கொஞ்சம் தேனோ குளுக்கோஸ் கரைசலோ தடவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குத் தூக்க வேண்டும். மயங்கிக் கிடக்கும் பூனையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

இதில் யாரும் யோசிக்காத ஒன்று மெயின் சுவிட்ச். ஊருக்குப் போகும்போது மெயினை அணைத்துவிட்டுப் போவது நம் வீடுகளில் கிட்டத்தட்ட ஒரு சடங்கு. அணைத்தால் ஃப்ரிட்ஜும் நிற்கும், உள்ளே இருக்கும் இன்சுலினும் கெடும். மாதாந்திரப் பராமரிப்பு என்று பகலெல்லாம் கரண்ட் போகும் நாளும் இருக்கிறது. கோடையில் சேலம் 40 டிகிரியைத் தொடும் ஊர். ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்திலிருந்தே சர்க்கரை நோயாளிகள் செய்துவரும் ஈர மண்பானை உபாயம் அவசரத்துக்குக் கைகொடுக்கும். ஆனால், பூட்டிய வீட்டில் அதை நனைக்க யார் இருப்பார்கள்?

விடுதியா, வீடா?

செல்லப்பிராணி விடுதி இருக்கிறதே, அங்கே விட்டுவிடலாமே என்பது பலரின் முதல் யோசனை. நாய்க்குச் சரி. நாய் ஆளைச் சார்ந்தது, பூனை இடத்தைச் சார்ந்தது. புது இடம், பக்கத்துக் கூண்டில் குரைப்பு, அந்நிய வாசனை என்றால் பல பூனைகள் முதலில் நிறுத்துவது சாப்பாட்டை. சாப்பிடாத சர்க்கரை நோய்ப் பூனைக்கு ஊசி போட முடியாது. கொழுத்த பூனை சில நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து அதுவே தனி நோயாகிவிடும். பூனைகளுக்கென்று தனி அறை, தினமும் மருத்துவர் மேற்பார்வை, கொடுத்த மருந்தை எழுதி வைக்கும் பழக்கம், இந்த மூன்றும் இருந்தால் விடுதியைப் பரிசீலிக்கலாம். நேரில் போய்ப் பார்க்காமல், ஸ்டார் ரேட்டிங்கை மட்டும் நம்பி விடுவது வேண்டாம்.

மற்றபடி பூனை அதன் வீட்டிலேயே இருந்து, ஆள் வந்து போவதுதான் மேல். அதிலும் ஒரே அறையில். ஓட்டு வீடாக இருந்தால் பரணில் ஏறிய பூனையை இறக்க யாராலும் முடியாது. தீபாவளி வெடிச்சத்தத்தில் கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கினால், மாத்திரை நேரத்துக்குப் பூனையைத் தேடுவதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். மறைந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி மட்டும் வைத்த சின்ன அறை போதும்.

வந்து போகிறவர் நல்லெண்ணத்தில் செய்யும் தவறுகளையும் முன்கூட்டியே தடுக்க வேண்டும். பாவம் என்று பால் ஊற்றுவார்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது வயிற்றுப்போக்கு. கருவாட்டுத் தலை போடுவார்கள். சிறுநீரகம் கெட்ட பூனைக்கு அந்த உப்பு ஆகாது. உடம்பு சுடுவது போலிருக்கிறதே என்று பாதி பாராசிட்டமால் கொடுப்பார்கள். அது பூனைக்கு விஷம். அதை முறித்து வெளியேற்றும் வழி பூனையின் உடம்பில் மிகக் குறைவு. 'பாராசிட்டமால் கூடாது' என்பதை மட்டுமாவது பெரிய எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டும்.

நாமக்கல்லில் ஆள் இல்லையா?

"நம்ம ஊர்ல இதுக்கெல்லாம் ஆள் ஏதுங்க, பெங்களூர்ல கிடைப்பாங்க" என்ற புலம்பல் அடிக்கடி கேட்கிறது. இதை நாமக்கல்லில் உட்கார்ந்துகொண்டு சொல்வதுதான் வேடிக்கை. 1985-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊர் அது. சேலம் மாவட்டத்திலும் தலைவாசலில் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. கோழிப் பண்ணைகளில் எந்த வயதில் எந்தத் தடுப்பூசி என்று அட்டவணை போட்டு, தேதி தவறாமல் கொடுத்து, எழுதி வைக்கிறார்கள். தேதி தவறினால் ஒரு ஷெட்டே போய்விடும் என்று இந்த வட்டாரத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். விலங்குக்கு ஊசி பிடிக்கத் தெரிந்த கைகள் இவ்வளவு நெருக்கமாக இருக்கும் ஊர் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

ஆள் இருக்கிறார்கள். அந்த வேலைக்குக் காசு கொடுத்துக் கூப்பிடும் வழக்கம்தான் இன்னும் வரவில்லை. கால்நடை மருத்துவமனை உதவியாளர், மேல் வகுப்புக் கால்நடை மருத்துவ மாணவர், ஓய்வுபெற்ற நர்ஸ் என்று கேட்டுப் பார்த்தால் யாராவது அமைவார்கள். வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமே கேட்பது உத்தமம். ஒரு எல்லை மட்டும் தெளிவாக இருக்க வேண்டும். மருந்து எது, அளவு எவ்வளவு என்று முடிவு செய்வது பதிவு பெற்ற கால்நடை மருத்துவரின் வேலை. 1984-ம் ஆண்டு இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வந்து போகிறவர் எழுதிக் கொடுத்ததைக் கொடுப்பவர் மட்டுமே. பொங்கலுக்கு மாணவர் விடுதியும் காலியாகிவிடும் என்பதால் மார்கழியிலேயே பேசி வைக்க வேண்டும்.

காசு என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. இலவசமாக இதுவரை செய்துவந்தது யார் என்று பார்த்தால் கணக்கு புரியும். பெரும்பாலும் அம்மா. மகனும் மருமகளும் பெங்களூரிலிருந்து பூனையோடு வந்து இறங்குவார்கள். பூனையை விட்டுவிட்டுக் கேரளா போவார்கள். அம்மா நான்கு நாள் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் வீட்டில் கட்டுண்டு கிடப்பார், பக்கத்துத் தெருக் கல்யாணத்துக்குக்கூடப் போகாமல். பண்டிகை நாளில் ஒரு நாளைக்கு இரண்டு முறை வந்து போவது வேலை. நான்கு நாளுக்கு எட்டு முறை. அதற்குக் கூலி பேசுவதுதான் மரியாதை. காசு பேசிய ஆளிடம் "வீடியோ அனுப்புங்க, நோட்டுல நேரம் எழுதுங்க" என்று கேட்க முடியும். உதவிக்கு வந்த அக்காவிடம் அப்படிக் கேட்கக் கூச்சமாக இருக்கும்.

சட்டத்தை நம்பியும் பயனில்லை. 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவு, பசி தாகத்தில் வாடும்படி விலங்கைக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. முதல் முறை அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். ஒரு டீயும் வடையும் அளவு.

ஏற்காடு ஒத்திகை

கிளம்புவதற்கு முதல் நாள் சாவியைக் கொடுத்து விளக்கினால் போதாது. இரண்டு வாரம் முன்பே வரச்சொல்லி, மூன்று வேளையாவது வளர்ப்பவர் முன்னிலையில் அவர் கையாலேயே மருந்து கொடுக்கட்டும். துண்டில் எப்படிச் சுற்றுவது, மாத்திரை கொடுத்ததும் கொஞ்சம் தண்ணீர் எப்படிப் புகட்டுவது என்பதெல்லாம் கை வழியாகத்தான் வரும். டாக்ஸிசைக்ளின் போன்ற சில மாத்திரைகள் வறண்ட தொண்டையில் தங்கினால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். பொடித்துச் சோற்றில் கலக்கலாமா என்பதையும் டாக்டரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். எல்லா மாத்திரையும் பொடிக்கத் தக்கதல்ல.

பிறகு ஒரு இரவு வெளியே தங்கிப் பார்க்கலாம். சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு இருக்கிறது. ஏதாவது கோணலானால் ஒரு மணி நேரத்தில் இறங்கி வந்துவிடலாம். நாமக்கல்காரர்கள் கொல்லிமலைக்குப் போகலாம், ஆனால் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே சிக்னல் போய்விட்டால் ஒத்திகையின் பலனும் போய்விடும். அந்த ஒரு இரவில் பூனை மருந்து எடுத்துக்கொள்ளவில்லை என்றால், நான்கு நாள் பயணத்தில் மட்டும் எடுத்துக்கொள்ளும் என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை. அப்படியானால் பயணத்தைத் தள்ளிப்போடலாம், அல்லது வீட்டில் ஒருவர் தங்கிவிடலாம். அந்த ஒருவர் மறுபடியும் அம்மாவாகவே இருக்கக் கூடாது, முறை வைத்துக்கொள்ளலாம்.

டாக்டரிடம் முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்து வைப்பதும் முக்கியம். இன்னார் பூனையைக் கொண்டுவருவார், இவ்வளவு ரூபாய் வரை கேட்காமலே சிகிச்சை செய்யலாம், அதற்கு மேல் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள் என்று. பண்டிகை நாளில் எந்த மருத்துவமனை திறந்திருக்கும் என்று அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளலாம். தூக்கிப்போகும் கூண்டு மொட்டை மாடி அறையில் பூட்டிக் கிடக்காமல், கதவருகே இருக்கட்டும். திரும்பும் நாளில் பஸ் கிடைக்காமல் போவது பண்டிகைக் காலத்தில் நடக்கிற காரியம்தான். மாத்திரையும் சிரிஞ்சும் மூன்று நாளுக்குக் கூடுதலாகவே இருக்க வேண்டும்.

கிளம்பும் அன்று கேஸை மூடலாம், மோட்டார் சுவிட்சை அணைக்கலாம், பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்க்கலாம். மெயினை மட்டும் தொட வேண்டாம்.