தெருவில் ஓடும் ரயில்

மாதிரி ரயில் தளம் அமைப்போரின் மேசைகளில் பெரும்பாலும் ஒரே நிலக்காட்சியைத்தான் காண்கிறோம். ஒரு மலை, அதைக் குடைந்து ஒரு சுரங்கம், ஒரு பாலம், ஓரத்தில் பெயருக்கு ஓர் ஊர். தெருவின் நடுவே, வீட்டு வாசல்களையும் கடைப் படிகளையும் ஒட்டிச் செல்லும் தண்டவாளத்தை அமைப்பவர்கள் சிலரே. அந்தச் சிலரின் உழைப்பே இக்கலையில் கூடுதல் மதிப்புக்குரியது என்பது நம் கருத்து. அவர்களிலும் பலர் கதையின் ஒரு பாதியைத்தான் சொல்கிறார்கள் என்ற மனக்குறையும் நமக்கு உண்டு.

நாம் சொல்வது டிராம் வண்டியை அல்ல. சென்னையில் 1953 வரை ஓடிய டிராம் தெருவுக்கென்றே பிறந்தது. இங்கே பேசப்படுவது முழு எடையுள்ள ரயில், ஊருக்குள் தெருவையே பாதையாகக் கொண்டு செல்வது. அமெரிக்க நகரங்களில் இது ஒரு காலத்தில் அன்றாடக் காட்சி. தொழிற்சாலைகளின் பின்புறச் சந்துகளுக்குள்ளும் கிளைப்பாதைகள் நுழைந்தன. கென்டக்கி மாநிலத்தின் லா கிரேஞ்ச் ஊரில் இன்றும் சரக்கு ரயில்கள் கடைத்தெருவின் நடுவே செல்கின்றன. கலிஃபோர்னியாவின் ஓக்லாந்திலும் துறைமுகத்தை ஒட்டிய சாலையொன்றில் கார்களுக்குப் பக்கத்தில் ரயில் ஓடுகிறது.

இதை மேசையில் கொண்டுவருவது எளிதன்று. பரவலாகப் புழங்கும் ஹெச்ஓ அளவு 87-இல் ஒரு பங்கு. தண்டவாளங்களுக்கு இடையிலான வெளியைப் பிளாஸ்டராலோ பிளாஸ்டிக் தகட்டாலோ நிரப்பித் தெருவாக்க வேண்டும். சக்கர விளிம்பு செல்வதற்கு உட்புறம் இருபக்கமும் பள்ளம் விட வேண்டும். தெருவின் மேற்பரப்பு தண்டவாளத்தின் தலையைவிட மயிரிழை தாழ்ந்திருக்க வேண்டும். எஞ்சினுக்கு மின்சாரம் தண்டவாளத்தின் வழியாகவே வருவதால் அதை அடிக்கடி துடைத்தாக வேண்டும். தெரு மேலே எழும்பி நின்றால் துடைக்கும்போதெல்லாம் அதன் வண்ணம் உரிந்துவிடும். வளைவுகளில் நீண்ட பெட்டிகளின் முனை வெளியே நீளும், நடுப்பகுதி உள்ளே ஒதுங்கும். ஆகவே, இருப்பதிலேயே நீளமான பெட்டியை ஓட்டிப் பார்க்காமல் எந்தக் கட்டடத்தையும் ஒட்டக் கூடாது.

இத்தனை தொல்லைக்கும் ஒரு பலன் உண்டு. மாதிரி ரயிலின் பழைய பொய் அதன் வளைவு. 46 சென்டிமீட்டர் ஆரமுள்ள மேசை வளைவைப் பெருக்கினால் ஏறத்தாழ 40 மீட்டர் வரும். எந்த நெடுந்தூரப் பாதையிலும் அப்படியொரு வளைவு இராது. ஆனால் கிடங்குகளுக்கு நடுவே திரும்பும் சந்துப் பாதைகளில் அத்தகைய இறுக்கமான வளைவுகள் உண்மையிலேயே இருந்தன. இடமில்லாமையால் நாம் செய்யும் சமரசத்தை, அதே காரணத்துக்காக, நகரமும் செய்திருக்கிறது.

வேகமும் அப்படித்தான். தெருவில் ரயில் ஊர்ந்துதான் செல்ல வேண்டும். மணிக்கு 16 கிலோமீட்டர் என்று கொண்டால், மேசையில் ஒரு மீட்டரைக் கடக்க 20 விநாடி ஆகும். பொறுமையில்லாதவர் கைக்கு இது வராது. ஆனால் அந்த 20 விநாடியில்தான் பார்ப்பவர் கண் ரயிலை விட்டுத் தெருவுக்குப் போகிறது.

அங்கே அவர் என்ன காண்கிறார் என்பதே நம் கேள்வி. பெரும்பாலான தளங்களில் துரு பூசிய சுவர்கள், பழைய விளம்பரங்கள், அழகான அழுக்கு. நியூயார்க்கின் பத்தாம் அவென்யூவை நினைத்துக்கொள்வோம். அங்கு தெருவில் ஓடிய சரக்கு ரயில்களில் அடிபட்டு இறந்தவர்களில் குழந்தைகளும் இருந்தனர். மக்கள் அதை 'மரண அவென்யூ' என்றே அழைத்தார்கள். ரயிலுக்கு முன்னால் குதிரையில் ஒருவர் கொடி அசைத்துக்கொண்டு போக வேண்டும் என்ற விதி வந்தது. 1934-இல் உயர்மட்டப் பாதை முறைப்படி திறக்கப்பட்டது. கடைசிக் குதிரைவீரர் சென்றது 1941-இல். அந்த உயர்மட்டப் பாதையின் ஒரு பகுதி 2009-இல் 'ஹை லைன்' பூங்காவாகத் திறக்கப்பட்டது. ரயிலைத் தெருவிலிருந்து தூக்கியதற்கான காரணத்தை அங்கு உலாவுவோரில் எத்தனை பேர் நினைக்கிறார்கள்?

மறுபக்கமும் உண்டு. இந்தியானா மாநிலத்தின் மிச்சிகன் சிட்டியில் 'சவுத் ஷோர்' மின்ரயில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பத்தாம், பதினோராம் தெருக்களில் ஓடியது. பயணிகள் தெருவிலேயே நின்று ஏறினார்கள். 2022-இல் அது நிறுத்தப்பட்டு இரட்டைப் பாதை போடப்பட்டது. வேகமும் பாதுகாப்பும் கூடின. பாதையோரத்து வீடுகள் பல இடிக்கப்பட்டன. ரயில் தெருவை விட்டு விலகினாலும் யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார்.

பொழுதுபோக்கில் இத்தனை பாரத்தை ஏற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மலையும் சுரங்கமும் செய்பவரிடம் நாம் இதைக் கேட்பதில்லை. தெருவைத் தேர்ந்தவர் மனிதர் வாழும் இடத்தைத் தேர்ந்துவிட்டார். வீட்டு வாசலுக்கு இத்தனை அருகே தண்டவாளத்தைப் பதித்தபின் அந்த வாசலில் யாரும் இல்லை என்று அவர் சொல்ல முடியாது.

நாம் கேட்பது பெரிதொன்றும் இல்லை. தெருவை முதலில் அமையுங்கள், ரயிலைப் பிறகு விடுங்கள். சுவரின் துருவுக்குச் செலவிடும் மாலைப் பொழுதுகளில் ஒன்றை, பிள்ளையைக் கையால் பிடித்து நிறுத்தும் தாய்க்கும் கொடி பிடிக்கும் ஊழியருக்கும் ஒதுக்குங்கள். குதிரைமேல் இருக்கும் மனிதர் ஹெச்ஓ அளவில் மூன்று சென்டிமீட்டர் உயரம்கூட வரமாட்டார். எஞ்சினுக்கு முன்னால் அவருக்கு இடம் இருக்கிறது.