துறந்தாரா, பறிக்கப்பட்டாரா?

குடும்பத்துக்காகப் பாட்டைத் ‘துறந்தவர்’ என்று அரபுப் பாடகி வார்தா அல்ஜசாயிரியாவைப் புகழ்வதை நான் ஏற்கமாட்டேன். துறப்பது வேறு, பறிகொடுப்பது வேறு. பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்துப் பாடிய குரல் அது. 1962இல் அல்ஜீரியா விடுதலை பெற்றது. அதே ஆண்டு வார்தாவுக்குத் திருமணம். இனிப் பாடக் கூடாது என்றார் கணவர். நாட்டுக்கு வந்த விடுதலை அவர் வீட்டு வாசற்படி ஏறவில்லை.

1972இல் விடுதலையின் பத்தாம் ஆண்டு விழாவுக்கு அந்தக் குரல் தேவைப்பட்டது. அதிபர் பூமெதியன் கேட்டுக்கொண்டார், வார்தா பாடினார். மணவாழ்க்கை முறிந்தது. கெய்ரோவுக்குப் போய்ப் பாட்டைத் தொடர்ந்தார். 2012இல் அவர் இறந்ததும் அல்ஜியர்ஸுக்குக் கொண்டுவந்து, நாட்டுத் தலைவர்கள் உறங்கும் இடுகாட்டில் புதைத்தார்கள்.

பத்து ஆண்டுகள் அவர் வாய் அடைபட்டுக் கிடந்தபோது இந்த நாடு எங்கே போயிருந்தது? தன் விழாவுக்காகப் பூட்டைத் திறந்தவருக்கு நான் நன்றி சொல்லமாட்டேன். பூட்டியது யார் என்றுதான் கேட்பேன்.