விசாகப்பட்டினத்தை எந்த அளவுகோலால் அளப்பது?

ஐதராபாத்தில் வாழ்பவர்க்குக் கடல் தொலைவானது. ஹுசேன் சாகர் ஏரிக்கரையில் மாலைக் காற்று வாங்கிப் பழகிய குடும்பங்கள், தசரா விடுமுறையிலோ கோடையிலோ அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் கடந்து விசாகப்பட்டினம் செல்கின்றன. 2023 ஜனவரியில் செகந்திராபாத்திலிருந்து வந்தே பாரத் ரயில் தொடங்கிய பின்னர், இப்பயணம் பகற்பொழுதிலேயே முடிந்துவிடுகிறது. எனினும், திரும்பி வரும் தமிழன்பர்கள் பலரிடம் ஒரு மனக்குறை எஞ்சுகிறது: "இதற்காகவா இவ்வளவு செலவு செய்தோம்? மெரினாவின் அகலத்தில் பாதிகூட இல்லையே!"

இக்குறையில் நியாயம் உண்டு. நகரின் புகழ்பெற்ற ராமகிருஷ்ணா கடற்கரையில் மணற்பரப்பு பல இடங்களில் குறுகிக் கிடக்கிறது. அலையின் இழுப்பு கடுமையானது, நீராடுவது ஆபத்து. வடக்கேயுள்ள ருஷிகொண்டா 2020-இல் பன்னாட்டு 'நீலக்கொடி'ச் சான்றிதழைப் பெற்றது. பராமரிப்புக் குறைகளால் 2025-இல் அச்சான்றிதழ் தற்காலிகமாகத் திரும்பப் பெறப்பட்டு, சீர்செய்த பின்னரே மீண்டும் கிட்டியது. ஆண்டு முழுவதும் சிறுகச் சேமித்த தொகையுடன் வரும் குடும்பம் தூய்மையான கரையை எதிர்பார்ப்பது பேராசையன்று. குப்பைக்குச் சமாதானம் கூற இயலாது.

ஆயினும், மெரினாவோடு ஒப்பிடுவது பொருந்துமா? வங்கக் கடலின் இக்கரையோரம், நீரோட்டம் ஆண்டின் பெரும்பகுதியில் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே சுமந்து செல்கிறது. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் குறுக்கிட்டால் தெற்கே மணல் குவியும். வடக்கே கரை அரிக்கப்படும். சென்னைத் துறைமுகத்தின் தெற்கே இருப்பதால் மெரினா விரிந்தது. வடக்கே இருப்பதால் ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. ராமகிருஷ்ணா கடற்கரையும் விசாகப்பட்டினத் துறைமுகத்தின் வடக்கே அமைந்ததே. அதனால்தான் அங்கே மணலைத் தூர்வாரிக் கொண்டுவந்து கொட்ட வேண்டியிருக்கிறது. நாம் அதற்கு ஒப்பிட வேண்டியது மெரினாவை அன்று, ராயபுரத்தையே.

1933-இல் திறக்கப்பட்ட அத்துறைமுகமே அந்நகரை வளர்த்தது. 1948-இல் நேரு 'ஜல உஷா' கப்பலை நீரில் இறக்கிவைத்த கப்பல் கட்டும் தளம், கிழக்குக் கடற்படைத் தலைமையகம், உருக்காலை ஆகியவை சேர்ந்த உழைப்பின் ஊர் அது. உல்லாசத்திற்கென உருவான ஊரன்று. விளம்பரப் படங்கள் இதனைச் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

கேட்டுச் செல்பவர்க்கு அந்நகர் நிறையவே தருகிறது. 31 ஆண்டுகள் கடற்படையில் பணியாற்றிய 'குர்சுரா' நீர்மூழ்கிக் கப்பலுக்குள் நடந்து பார்க்கலாம். கடலை நோக்கி நிற்கும் தொட்லகொண்டா குன்றில் பண்டைய பௌத்த விகாரத்தின் எச்சங்கள் உள்ளன. சிம்மாசலம் கோயிலில் முதலாம் குலோத்துங்க சோழன் காலத்துக் கல்வெட்டு உண்டு. விசாகப்பட்டினத்துக்கே ஒரு காலத்தில் குலோத்துங்க சோழப்பட்டினம் என்ற பெயர் வழங்கியது. அக்கோயிலின் மூலவர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பில் மறைந்திருப்பார். அட்சய திருதியை அன்று மட்டுமே நிஜரூப தரிசனம். தேதி அறியாது சென்று ஏமாற்றம் என்பவரைக் கோயிலா குறை சொல்லும்?

ஒரு வைப்புத்தொகையில் பணத்தைப் போடுமுன் வட்டி, காலம், நிபந்தனை ஆகியவற்றை விசாரிக்கிறோம். பயணத்திற்கு மட்டும் ஒரு புகைப்படத்தை நம்பிக் கடன் அட்டையை நீட்டுகிறோம். கடலைப் பார்த்த அறைக்குக் கூடுதல் வாடகை செலுத்துமுன், அக்கரையில் கால் நனைக்க இயலுமா என்று விசாரிப்பது நலம். ரத்து செய்தால் எவ்வளவு பிடித்தம் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்கு நீராடலே முதன்மை எனில், வேறு கரையைத் தேர்ந்தெடுப்பதே சிக்கனம்.

கரையைத் தூய்மையாகக் காப்பது நகராட்சியின் கடமை. செல்லும் ஊர் எத்தகையது என அறிந்து புறப்படுவது பயணியின் கடமை. முன்னதற்காக நாம் உரத்துக் கேட்கலாம். பின்னதற்கு, பயணச்சீட்டு வாங்குமுன் ஒரு மணி நேரம் செலவிட்டால் போதும்.