யாருக்குக் கதவைத் திறப்பது?

பெரிய கம்ப்யூட்டர் எங்கோ இருக்கிறது. புரோகிராம் அங்கேதான் ஓடுகிறது. அதன் படமோ உங்கள் மேஜையில் தெரிகிறது!

இந்த ஏற்பாட்டுக்கு 'எக்ஸ் விண்டோ' என்று பெயர். 1984-ம் ஆண்டு, அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் பிறந்தது. ராபர்ட் ஷைப்ளர், ஜிம் கெட்டிஸ் ஆகியோர் உருவாக்கினார்கள். கணக்குப் போடுவது தூரத்துக் கம்ப்யூட்டர். படம் வரைவது உங்கள் கம்ப்யூட்டர். இருந்த இடத்தில் இருந்தே வேலை முடிகிறது. நல்ல வசதிதான்.

ஆபத்தும் உண்டு. உங்கள் திரைக்கு வந்த புரோகிராம், பக்கத்து ஜன்னலில் நீங்கள் தட்டும் எழுத்துக்களையும் ஒட்டுப் பார்க்கலாம். பாஸ்வேர்டும் அதில் அடக்கம்!

இது தெரியாமல் சிலர், அவசரத்தில் 'எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ்' என்று கட்டளை கொடுத்து விடுகிறார்கள். "யார் வேண்டுமானாலும் வரலாம்" என்பது அதன் பொருள். இது தவறு.

1995-ல் பின்லாந்து நாட்டு டாட்டு இலோனென் 'எஸ்.எஸ்.எச்.' என்ற பாதுகாப்பு முறையை உருவாக்கினார். அதன் வழியாக வரும் படத்தை நடுவழியில் யாரும் பார்க்க முடியாது. அதையே பயன்படுத்துங்கள். ஆனால், மறுமுனையில் இருப்பவர் நல்லவரா என்பதை அது சொல்லாது. அதை நீங்கள்தான் விசாரிக்க வேண்டும்.

விருந்தாளிக்கு வாசல் கதவைத் திறக்கலாம். பீரோ சாவியையும் கொடுக்கலாமா?