கீழ்ப்படிதலா, கீழிருந்து படித்தலா?

தவக்காலத்தின் முதல் ஞாயிறு. பக்கத்து ஊர்க் காலனியில் இருக்கிற சின்ன வேதக்கோயில். பெரிய கோயில் ஊர்த்தெருவில் இருக்கு. அங்கே வாராவாரம் பூசை, இங்கே மாசத்துக்கு ஒண்ணு. அன்றைக்கு வாசிக்கிற வேதப்பகுதி வருசாவருசம் வருவதுதான்: வனாந்தரத்தில் இயேசுவைப் பிசாசு சோதித்த கதை. சாமியார் பிரசங்கம் வச்சார்.

சோதனை எதெதுன்னு பட்டியல் போட்டார். சாராயம், சினிமா, செல்போன். அப்புறம் வாலிபப் பிள்ளைகள் கொடி, கூட்டம்னு இயக்கத்துக்குப் பின்னால் அலைவது. கடைசியில் குரலை உயர்த்தினார். கோயில் ஏட்டில் ஒரு பேரு, தாலுகா ஆபீசில் வேறே பேரு. இது வஞ்சகமில்லையா? அனனியாவும் சப்பீராளும் பொய் சொல்லித்தானே அப்போஸ்தலர் காலடியில் செத்து விழுந்தாங்க? வேதத்துக்குக் கீழ்ப்படியுங்க, சோதனை ஓடிப்போகும் என்று முடித்தார்.

மூணாவது வரிசையில் ஒரு பெண் தலை குனிஞ்சு உட்கார்ந்திருந்தது. பிளஸ் டூ முடிக்கப் போகிற பிள்ளை. ஞானஸ்நான ஏட்டில் ஒரு புனிதையின் பெயர். சாதிச் சான்றிதழில் இந்து - ஆதிதிராவிடர் என்று வேறொரு பெயர். பூசை முடிஞ்சு வெளியே வந்ததும் கேட்டது: "அண்ணே, அப்போ நான் பொய்க்காரியா?"

அந்த இடத்தில் எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். தோழர்களும் மாணவர்களும் இதைத் தங்கள் ஊர்களில் வைத்துப் பேச வேண்டும் என்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சோதனைக் கதையையே நிதானமாகப் படிப்போம். கல்லை அப்பமாக்கு என்பது ஒரு சோதனை. ஆலயத்தின் உச்சியிலிருந்து குதி என்பது இன்னொன்று. உலகத்து ராஜ்யங்களை எல்லாம் தருகிறேன், என்னைப் பணிந்துகொள் என்பது மற்றொன்று. இதில் குதிக்கச் சொல்கிற இடத்தைக் கவனியுங்கள். பிசாசு வெறுங்கையோடு வரவில்லை. கையில் வசனத்தோடு வருகிறான். சங்கீதம் 91-லிருந்து எடுத்துச் சொல்கிறான். வார்த்தை தப்பில்லை, இடம்தான் தப்பு. அதாவது நற்செய்தியின்படியே பார்த்தால், வசனம் சொல்கிறவன் எல்லாம் தேவனின் ஆளில்லை. வசனத்துக்குக் கீழ்ப்படிந்தால் சோதனை ஓடிவிடும் என்று சாமியார் சொன்னாரே, இங்கே வசனத்தின் வடிவில்தான் சோதனையே வருகிறது. இயேசு அந்த வசனத்துக்குக் கீழ்ப்படிய மறுக்கிறார்.

அவர் எதைக்கொண்டு மறுக்கிறார்? மூன்று பதில்களும் உபாகமத்திலிருந்து எடுத்தவை. எகிப்தில் அடிமையாகக் கிடந்தாய், மறந்துவிடாதே என்று திரும்பத் திரும்பச் சொல்கிற புத்தகம் அது. விடுதலையான அடிமைகளின் நினைவிலிருந்து பதில் வருகிறது. அரண்மனையிலிருந்தோ ஆலய உச்சியிலிருந்தோ வரவில்லை. இந்தக் கதையில் பணிந்து விழு என்று கேட்பவன் பிசாசு ஒருவன்தான் என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

எனவே கேள்வி வேதத்துக்குக் கீழ்ப்படிவதா வேண்டாமா என்பது அல்ல. யார், யாருக்கு, எந்த இடத்தில் நின்று வாசிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

இதற்கு வரலாறு சாட்சி. 1807-இல் லண்டனில் ஒரு வேதாகமம் அச்சிட்டார்கள். மேற்கிந்தியத் தீவுகளில் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்த கறுப்பு மக்களுக்கென்றே தயாரித்தது. எகிப்திலிருந்து அடிமைகள் வெளியேறிய கதையை வெட்டிவிட்டார்கள். அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை என்று பவுல் கலாத்தியருக்கு எழுதிய பகுதியை எடுத்துவிட்டார்கள். பழைய ஏற்பாட்டில் பெரும்பகுதியும் புதிய ஏற்பாட்டில் ஏறக்குறையப் பாதியும் போய்விட்டது. எஜமானுக்கு அடங்கி நட என்று எபேசியருக்கு எழுதிய பகுதி மட்டும் பத்திரமாக இருந்தது. கத்தரிக்கோலால் செய்த வஞ்சகம் அது.

நம்மூரில் கத்தரிக்கோல் தேவைப்படவில்லை. புத்தகம் முழுசாகத்தான் இருக்கிறது, பிரசங்க மேடையில்தான் வெட்டு விழுகிறது. எபேசியர் ஆறாம் அதிகாரத்தில் வேலைக்காரர் அடங்க வேண்டும் என்பதை வாசிப்பார்கள். நாலு வசனம் தள்ளி எஜமான்களே மிரட்டுவதை விட்டுவிடுங்கள், பரலோகத்தில் பட்சபாதம் இல்லை என்று வருகிறதே, அங்கே போகமாட்டார்கள். யாக்கோபு நிருபம் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். சபைக்குள் பகட்டான உடுப்போடு வருகிறவனுக்கு நல்ல இடமும், கந்தலோடு வருகிற ஏழைக்கு நிற்கிற இடமும் கொடுத்தால் அது பாவம் என்று பச்சையாக எழுதியிருக்கிறது. கோயிலுக்குள் யார் எங்கே உட்காருவது என்பதைப் பற்றியே வேதத்தில் ஒரு அதிகாரம்! ஊர்த்தெருக் கோயிலில் இதை வைத்து எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறீர்கள்?

இது இன்று நேற்று வந்த வியாதியும் இல்லை. 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நோபிலி பிராமணத் துறவியைப் போல் வாழ்ந்தார். அவர் போட்ட பாதையில் பின்னாளில் மேல்சாதிக்கென்று ஒருவகைக் குருக்களும் மற்றவர்களுக்கென்று பண்டாரசாமிகளும் வந்தார்கள். புராட்டஸ்டண்ட் பக்கம் 1833-இல் கல்கத்தா பிஷப் டானியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனே, முற்றாக விட வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் என்ன நடந்தது? வேளாளக் கிறிஸ்தவர்கள் பலர் சாதியை விடவில்லை, சபையை விட்டார்கள். சாதி என்பது உலக மரியாதை, விசுவாசத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை என்பது அவர்கள் வாதம். பிஷப்பின் கட்டளைக்கும் கீழ்ப்படியவில்லை, யாக்கோபுக்கும் கீழ்ப்படியவில்லை. அவர்களை யாரும் அனனியா என்று சொல்லவில்லை.

வடக்கன்குளம் கோயிலுக்குள் பிள்ளைமார் ஒருபுறம், நாடார் முதலானோர் மறுபுறம் என்று நடுவே சுவர் இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குருக்களே அதை இடித்தபோது, எங்கள் சாதி உரிமை போச்சு என்று வழக்குப் போட்டார்கள். சென்னை உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வெள்ளைக்காரன் கோர்ட்டு சொல்லித்தான் கிறிஸ்துவின் கோயிலில் சாதி உரிமை இல்லை என்று தெரிய வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகாவது மாறியதா? அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். பெரிய கோயிலில் சமமாக உட்கார முடியாமலும் பொதுத்தெரு வழியே பிணம் கொண்டுபோக முடியாமலும்தான் கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று அதே மதத்து வன்னியர்கள் அவர்கள் வீடுகளைத் தாக்கினார்கள். போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் வன்னியர் இரண்டு பேர் செத்தார்கள். அன்றைக்கும் தவக்காலத்து ஞாயிறுதான். ஒரே மாதாவைக் கும்பிடுகிறவர்கள், ஒரே வாசகத்தைக் கேட்டவர்கள்.

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். ரெண்டு பேரு வச்சிருக்கிறது வஞ்சகமா?

இரண்டு பெயரை உண்டாக்கியது யார்? 1950-இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி. இந்துவல்லாதவர் பட்டியல் சாதியாக மாட்டார் என்றது. 1956-இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே. தமிழ்நாட்டில் கிறிஸ்தவரான பட்டியல் சாதியார் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டார்கள். தீண்டாமை மட்டும் பட்டியல் மாறவில்லை. டீக்கடையில் தனி டம்ளர் கொடுக்கிறவன் ஞானஸ்நானச் சான்றிதழைப் பார்த்துவிட்டா கொடுக்கிறான்?

1985-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. சென்னையில் தெருவோரத்தில் செருப்புத் தைக்கிற ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் ஒருவர் போட்ட வழக்கு. இந்துவாக இருந்தவர்களுக்கு அரசு இலவசப் பெட்டிக்கடை கொடுத்தது, அவருக்கு இல்லை. மதம் மாறிய பிறகும் அந்தச் சாதிக் கொடுமை அதே அளவு தொடர்கிறது என்பதற்குச் சான்று எங்கே என்று கேட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது. சான்று எங்கே இருந்தது? கோயில் பெஞ்சில், கல்லறைச் சுவரில், தேர் திரும்புகிற முக்கில். இந்திய ஆயர்கள் 1982-லேயே திருச்சியில் கூடி, சாதி பாவம் என்ற பொருளில் அறிக்கை விட்டிருக்கிறார்கள். 2016-இல் வெளியிட்ட கொள்கை ஆவணத்தில் திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டது நல்லது. ஆனால் மேலே ஒப்புக்கொண்டது பங்குக் கோயில் மேடைக்கு வந்து சேரவில்லையே!

2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணைய அறிக்கை மூன்றாம் பத்தியை நீக்கச் சொன்னது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், கிறிஸ்தவத்தைப் பின்பற்றிக்கொண்டே இடஒதுக்கீட்டுக்காக இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றது. ஆக, கோயிலும் கோர்ட்டும் ஒரே குரலில் நம் பிள்ளையைப் பார்த்து மோசடி என்கின்றன. இந்து என்று சொல்லாவிட்டால் உரிமை இல்லை என்று மிரட்டுகிற ஆணைக்கு என்ன பெயர்? சாப்பாட்டைக் காட்டி, பணிந்துகொள் என்று கேட்பதற்கு நற்செய்தியில் வைத்த பெயர் என்ன?

அனனியா கதையையும் முழுசாகப் படியுங்கள். அவன் நிலம் வைத்திருந்தவன். விற்ற பணத்தில் ஒரு பங்கை ஒளித்துக்கொண்டு, எல்லாத்தையும் பொதுவில் வைத்துவிட்டேன் என்று நடித்தான். உள்ளவன் பகிராமல் ஏமாற்றியதுதான் அந்தக் கதை. அடுத்த கூலிக்கு வழி தேடுகிற வீட்டுப் பிள்ளையா அனனியா? நிலமும் பள்ளியும் கல்லூரியும் வைத்திருக்கிற நிறுவனம், அதில் தலித் பிள்ளைகளுக்கு எத்தனை இடம், எத்தனை வேலை என்று கணக்கை வெளியே வைக்காவிட்டால், அனனியா யார்? பேதுருவின் கேள்வி அந்தப் பக்கம்தான் திரும்ப வேண்டும்.

இன்னொரு கதையும் வேதத்தில் இருக்கிறது. எபிரேய ஆண்பிள்ளைகளைக் கொல் என்று பார்வோன் உத்தரவு போடுகிறான். சிப்பிராள், பூவாள் என்ற இரண்டு மருத்துவச்சிகள் கீழ்ப்படியவில்லை. கேட்டபோது ராஜா முகத்துக்கு நேரே பொய் சொன்னார்கள். நாங்க போறதுக்குள்ளே பிள்ளை பிறந்துடுதுன்னு சொன்னார்கள். தேவன் அந்தப் பெண்களுக்கு நன்மை செய்தார் என்றுதான் யாத்திராகமம் சொல்கிறது. உயிரைக் காக்க அதிகாரத்திடம் சொன்ன பொய்யும், சொத்தைக் காக்கச் சபையிடம் சொன்ன பொய்யும் வேதத்துக்கே ஒன்றல்ல.

இதனால் ரெட்டைப் பெயர் வாழ்க்கைதான் நமக்கு வழி என்று நான் சொல்லவில்லை. அது வலி. சாகும்போது எந்தப் பெயரில் புதைப்பது என்று குடும்பத்துக்குள் சண்டை வருகிற வலி. பிடிபட்டால் வேலை போகும், படிப்பு போகும் என்கிற பயம். மூன்றாம் பத்தியை ஒழிப்பதுதான் தீர்வு. அதற்குத் தெருவில் நிற்க வேண்டும். பொய்க்காரி என்று நம் பிள்ளையை மேடையிலிருந்து சொன்ன சாமியாரையும் அந்தத் தெருவுக்குக் கூப்பிட வேண்டும்.

நம் பக்கத்துச் சோதனையையும் மறைக்கக் கூடாது. பறையர், பள்ளர், அருந்ததியர் என்று நமக்குள்ளேயே கோயில் பிரித்து உட்காருகிற இடங்கள் உண்டு. எபேசியர் ஆறாம் அதிகாரத்தைக் கேள்வி கேட்கிற நம் ஆண்கள், அதற்கு முந்தின அதிகாரத்தில் மனைவி புருசனுக்கு அடங்க வேண்டும் என்று வருவதை மட்டும் வீட்டில் சட்டமாக வைத்திருக்கிறார்கள். கல்லை அப்பமாக்குகிறேன், காணிக்கை வை என்று சேரிக்குள் மைக் கட்டுகிற ஊழியக்காரருக்குச் சீட்டுப் பணத்தைக் கொடுத்துவிட்டு நிற்கிறோம். இதெல்லாம் வஞ்சகம்தான். ஏமாற்றுகிறவனுக்கு ஏமாறுகிறவன் இடம் கொடுக்கிறான்.

சில தோழர்கள் கேட்பார்கள்: அண்ணல் அம்பேத்கர் 1936-லேயே, சாதியை ஒழிக்க வேண்டுமானால் சாஸ்திரத்தின் புனிதத்தை உடைக்க வேண்டும் என்றாரே, நீ இன்னும் வேதத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறாயே என்று. நியாயமான கேள்வி. மனுசனுக்கு மேலே எந்தப் புத்தகமும் இல்லை என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் சேரியில் அந்தப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத்தான் கிழவிகள் தூங்குகிறார்கள். நாம் தொடமாட்டோம் என்றால் அது பிரசங்க மேடையின் தனிச்சொத்தாகிவிடும். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஜே. தியோபிலஸ் அப்பாவு, நம்ம பரட்டை அண்ணன், பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தது வேதத்தை மேடையிலிருந்து தரைக்கு இறக்குகிற வேலைதான். பாமா மடத்தை விட்டு வெளியே வந்து, 1992-இல் 'கருக்கு' எழுதியதும் ஒரு மறுப்புதான். உள்ளே நின்றும் மறுக்கலாம், வெளியே வந்தும் மறுக்கலாம். தலை குனிவதுதான் கூடாது.

கீழ்ப்படிதல் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஒருவன் நிற்க, கீழே ஒருவன் படிவது என்று நமக்குக் கற்றுக்கொடுத்தார்கள். நாம் அதைக் கீழிருந்து படித்தல் என்று மாற்றுவோம். பூசைக்கும் ஆராதனைக்கும் காத்திருக்க வேண்டாம். காலனித் திண்ணையில் பத்துப் பேர் வட்டமாக உட்காருங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை வாசிக்கட்டும், தெரியாத கிழவி பொருள் சொல்லட்டும். யாக்கோபு இரண்டில் தொடங்குங்கள். பிறகு அதே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பங்குப் பேரவைக்குப் போங்கள். பெஞ்சு, கல்லறை, தேர்ப்பாதை, பள்ளிக்கூட வேலை என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வேதத்துக்குக் கீழ்ப்படியச் சொன்னீங்களே சாமி, முதல்ல நீங்க கீழ்ப்படியுங்கன்னு கேளுங்கள்.

அந்தப் பிள்ளைக்கு: தங்கச்சி, நீ பொய்க்காரி இல்லை. உன்னிடம் உன் பெயரைப் பறித்தவர்கள்தான் கணக்குச் சொல்ல வேண்டும். அடுத்த ஞாயிறு மூணாவது வரிசையில் தலை நிமிர்ந்து உட்கார். வாசகம் படிக்க யார் வர்றீங்கன்னு கேட்டால், நீ எழுந்து போ.